நீல வெளிச்சத்தை நம்பலாமா? வீட்டில் யூவி வாட்டர் பியூரிஃபையர் பொருத்துவதும் பராமரிப்பதும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் குடிதண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. திரையில் எச்சரிக்கைச் செய்தி வந்தால் அதைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தி மூடாதீர்கள். பல வருடங்களாக இதைச் சொல்லி வந்த நானே, சமையலறையில் ஒரு மெஷின் 'பீப் பீப்' என்று கத்தியபோது, ரீசெட் பட்டனை அழுத்தி அதன் வாயை அடைத்தேன். சில மாதங்கள் கழித்து எட்டு வயது மகள் டைபாய்டு காய்ச்சலில் படுத்தாள்.

அந்த மெஷின்தான் யூவி வாட்டர் பியூரிஃபையர். அதாவது புறஊதாக் கதிரால் தண்ணீரில் உள்ள கிருமிகளை ஒழிக்கும் கருவி. டாக்டர் கேட்டார்.

"வீட்டுல தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

"இல்ல டாக்டர், யூவி மெஷின் வச்சிருக்கோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"லேம்ப் எப்ப மாத்தினீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பில்லைத் தேடிப் பார்த்தேன். மெஷின் வாங்கி மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. லேம்ப்பை ஒரு தடவைகூட மாற்றவில்லை. ஆனால் குழாயைத் திறந்தால் ஜன்னல் வழியே பளிச்சென்று நீல வெளிச்சம் தெரிந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. "வெளிச்சம் எரியுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தியாடா? காய்ச்சிக் குடுன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்றார் அம்மா.

தண்ணீரைச் சோதிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில்கள் மூன்று வாங்கினேன். 1982 ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய சோதனை இது. பாட்டிலில் குறிப்பிட்ட அளவு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். கழிவுநீர் வழியே வரும் கிருமிகள் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுப்பாகும். ஒரு பாட்டிலில் சம்ப் தண்ணீர், ஒன்றில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர், மூன்றாவதில் பியூரிஃபையர் தண்ணீர். மறுநாள் மாலைக்குள் மூன்றுமே கறுப்பு.

மகளின் டைபாய்டு இந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று அந்த பாட்டில் சொல்லாது. அவள் வெளியிலும் சாப்பிடுகிறாள், குடிக்கிறாள். ஆனால் என் மெஷின் வேலை செய்யவில்லை என்பதை அது தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிப் அழிக்கும் பெட்டி சொன்ன பாடம்

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வெட்கம். 1990களின் கடைசியில் நான் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். அப்போது பல மதர்போர்டுகளில் பயாஸ் புரோகிராம் 'ஈப்ராம்' என்ற சிப்பில் இருக்கும். சிப்பின் நடுவில் சிறிய வட்டமான ஜன்னல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, யூவி லேம்ப் உள்ள ஒரு பெட்டிக்குள் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் சிப்பில் இருந்த புரோகிராம் அழிந்துவிடும். பிறகு புதிய புரோகிராமை எழுதலாம். பின்னால் ஃபிளாஷ் சிப்கள் வந்து இந்தப் பெட்டிக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன.

எங்கள் பெட்டியின் லேம்ப் பழசானதும் 40 நிமிடம் வைத்தாலும் சிப் முழுசாக அழியாது. லேம்ப் மட்டும் எப்போதும் போல நீலமாக எரிந்துகொண்டிருக்கும். சீனியர் டெக்னீஷியன், "வெளிச்சத்தைப் பார்க்காதே, மாத்தின தேதியைப் பாரு" என்பார்.

காரணம் எளிமையானது. சிப்பை அழிக்கும் கதிரும் கிருமியை ஒழிக்கும் கதிரும் ஒன்றே. இரண்டிலும் இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச ஆவி லேம்ப். அது வெளிவிடும் முக்கியமான கதிரின் அலைநீளம் 253.7 நானோமீட்டர். இது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீலம், அதே பாதரச ஆவி கூடவே தரும் சாதாரண வெளிச்சம். லேம்ப் வயதாக ஆக, கண்ணுக்குத் தெரியாத கதிர் குறைந்துகொண்டே போகும். நீல வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே நீலமாக எரிந்தால் 'கரன்ட் வருகிறது' என்று மட்டுமே அர்த்தம்.

யூவி எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ என்ற தகவல் தொகுப்பு இருக்கிறது. கிருமி பெருக வேண்டுமானால் இந்தத் தொகுப்பைக் காப்பி எடுக்க வேண்டும். யூவி கதிர் இதில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. கெட்டுப்போன ஃபைலைக் காப்பி எடுக்க முடியாதல்லவா, அதுபோலத்தான். கிருமி பெருக முடியாவிட்டால் நமக்கு நோய் வராது.

எவ்வளவு கதிர் தேவை என்பதை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று கணக்கிடுகிறார்கள். வீட்டு யூவி கருவிகளுக்கான அமெரிக்கத் தரமான என்.எஸ்.எஃப் 55 ல், கிருமி கலந்திருக்கக்கூடிய தண்ணீருக்கான 'ஏ' வகுப்பின் அளவு 40 மில்லிஜூல். ஏற்கெனவே பாதுகாப்பான தண்ணீருக்குக் கூடுதல் காவலாக இருக்கும் 'பி' வகுப்பின் அளவு 16 மில்லிஜூல். ஈப்ராம் சிப்பை அழிக்க சுமார் 15,000 மில்லிஜூல் வேண்டும். அதனால்தான் சிப்புக்குப் பல நிமிடங்கள், தண்ணீருக்குச் சில நொடிகள்.

இந்த அளவு இரண்டு விஷயங்களின் பெருக்கல்: கதிரின் வலிமை, தண்ணீர் அதன் முன் நிற்கும் நேரம். அரை லிட்டர் பிடிக்கும் ஒரு சேம்பரில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால், அது உள்ளே 30 நொடி இருக்கும். இரண்டு லிட்டர் வேகத்தில் ஓடினால் 15 நொடிதான். அதாவது கதிரும் பாதிதான்.

யூவி முறை புதியதும் அல்ல. பிரான்சின் மார்செய் நகரில் 1910 லேயே குடிநீருக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். குளோரினுக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, 1993 ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் நான்கு லட்சம் பேரை நோயில் தள்ளியது. அந்தக் கிருமி யூவிக்குச் சுலபமாக அடங்கிவிடும்.

யூவி செய்யாதவை

* உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, ஆர்சனிக், பூச்சிமருந்து எதையும் நீக்காது. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டுக்கு ஆர்ஓ போன்ற வேறு முறை தேவை.
* கலங்கல் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது. தூசுத் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும்.
* குளோரின் போலத் தண்ணீரில் தங்கிக் காவல் காக்காது. சுத்தமான தண்ணீரை அழுக்குக் குடத்தில் பிடித்தால் மறுபடி அழுக்குதான்.

இன்னொன்று. கடைகளில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்துள்ள உப்பின் அளவை மட்டுமே காட்டும். அதில் எண் குறைவாக இருந்தால் கிருமி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பொருத்துவது எப்படி?

நான் பழைய மெஷினைக் கழற்றிவிட்டு, ஸ்டீல் சேம்பர் உள்ள யூவி கருவி ஒன்றைப் பிளம்பர் உதவியுடன் பொருத்தினேன். இந்தியத் தரம் ஐ.எஸ் 14724 யூவி பியூரிஃபையர்களுக்கானது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். கருவியில் நான்கு பாகங்கள்: ஸ்டீல் சேம்பர், அதற்குள் குவார்ட்ஸ் குழாய், குழாய்க்குள் லேம்ப், லேம்ப்புக்குக் கரன்ட் தரும் எலெக்ட்ரானிக் சோக். கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் எப்படியோ, லேம்ப்புக்கு இந்த சோக் அப்படி.

1. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். பொதுவாகக் கருவி கேட்கும் அளவுகள்: கலங்கல் 1 என்டியூவுக்குள், இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள், கடினத்தன்மை சுமார் 120 மில்லிகிராமுக்குள். எங்கள் போர் தண்ணீர் கடினத்தன்மையில் இதைத் தாண்டியது. எனவே மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைக்க வேண்டும், இல்லையென்றால் குவார்ட்ஸ் குழாயை அடிக்கடி கழுவ வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

2. இடம். எர்த் உள்ள மூன்று பின் பிளக் அருகில், வெயில் படாத சுவர். செங்குத்தாக மாட்டும் சேம்பருக்கு மேல் லேம்ப்பின் முழு நீளத்துக்கு இடம் விடுங்கள். லேம்ப்பையும் குழாயையும் மேல் பக்கமாக உருவித்தான் எடுக்க வேண்டும். பிளம்பர் அழகாக அலமாரிக்கு அடியில் மாட்டிவிட்டார். லேம்ப் வெளியே வரவில்லை. மறுபடி சுவரில் ஓட்டை!

3. வரிசை. முதலில் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், அடுத்து கார்பன் ஃபில்டர், கடைசியில் யூவி. கார்பனில் கிருமிகள் குடியேற வாய்ப்பு உண்டு. அதனால் யூவிக்குப் பிறகு கார்பனை வைக்காதீர்கள்.

4. ஓட்டம். தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேறட்டும், காற்று தங்காது. கருவியுடன் வரும் ஓட்டக் கட்டுப்பாட்டு வளையத்தை, 'தண்ணி மெதுவா வருது சார்' என்று யாராவது கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மேலே சொன்ன 30 நொடி கணக்கு அதை வைத்துத்தான்.

5. குவார்ட்ஸ் குழாய். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால்தான் குவார்ட்ஸ். வெறும் கையால் தொடாதீர்கள். ரேகை பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் ஓ வளையத்தைத் தண்ணீரில் நனைத்து மாட்டி, மூடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் குழாய் உடையலாம்.

6. முதலில் தண்ணீர், பிறகு கரன்ட். தண்ணீரைத் திறந்து கசிவு இல்லை என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். சோக்கை சேம்பருக்கு மேலோ பக்கத்திலோ மாட்டுங்கள், அடியில் வேண்டாம். பிளக்குக்குப் போகும் வயர் கீழே ஒரு முறை வளைந்து மேலே ஏறட்டும். வயர் வழியே தண்ணீர் ஒழுகினாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

7. குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். யூவிக்குப் பிறகு உள்ள குழாயிலும் டேப்பிலும் ஏற்கெனவே கிருமி இருந்தால் யூவியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கார்பன் ஃபில்டரைத் தற்காலிகமாகக் கழற்றி, ஃபில்டர் கூட்டில் வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவம் கொஞ்சம் ஊற்றி, டேப்பில் குளோரின் வாசம் வரும்வரை திறந்து, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். லேம்ப் எரிந்தபடி இருக்கட்டும். பிறகு வாசம் போகும்வரை தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கார்பனை மாட்டுங்கள். கார்பன் உள்ளே இருந்தால் குளோரினை அது சாப்பிட்டுவிடும்.

கரன்ட் போனால்?

கரன்ட் போனால் லேம்ப் அணையும். மாடி டேங்க் தண்ணீருக்குக் கரன்ட் வேண்டாம், அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டி வைரஸ் இல்லாமல் இன்டர்நெட்டில் இறங்குவது போல! எனவே கரன்ட் இல்லாதபோது தண்ணீரை அடைக்கும் சோலினாய்டு வால்வு உள்ள மாடலாக வாங்குங்கள். என் கருவியின் லேம்ப் 11 வாட்தான். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன். கரன்ட் திரும்பி வந்ததும் லேம்ப் முழு வலிமைக்கு வர ஓரிரு நிமிடம் விட்டு, முதல் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டால் யூவியை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து இறக்குங்கள். இந்த விஷயத்தில் என் அம்மா சொல்வதே சரி.

பராமரிப்பு

லேம்ப்: பெரும்பாலான லேம்ப்களின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். எனவே எப்போதும் எரியும் கருவியில் வருடம் ஒரு லேம்ப் என்று கணக்கு. தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் எரியும் கருவியில் மணி நேரம் குறைவுதான். ஆனால் அடிக்கடி எரிந்து அணைவதாலும் லேம்ப் தேயும். கையேடு சொல்லும் காலத்தையே பின்பற்றுங்கள்.

குவார்ட்ஸ் குழாய்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். என் பழைய மெஷினில் குழாய் மேல் சுண்ணாம்பும் இரும்புத் துருவும் சேர்ந்து பால் கலந்த காபி நிறத்தில் படிந்திருந்தது. லேம்ப் புதிதாக இருந்திருந்தாலும் கதிர் அதைத் தாண்டியிருக்காது. வினிகரில் ஊறவைத்து மென்மையான துணியால் துடையுங்கள், தேய்க்கும் நார் வேண்டாம்.

இந்தப் படிவுத் தொல்லைக்கு ஒருவர் வேறு வழி கண்டார். 1992 ல் அன்றைய மெட்ராசில் முதலில் கண்டறியப்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலரா, 1993 ல் வங்கப் பகுதியில் வேகமாகப் பரவியது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த அசோக் காட்கில், அதையொட்டிக் கிராமங்களுக்காக ஒரு யூவி கருவியை உருவாக்கினார். அதில் லேம்ப் தண்ணீருக்குள் இருக்காது, மேலே தொங்கும். தண்ணீர் தொடாததால் படிவும் இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் சுத்தம் செய்யும்.

ஃபில்டர்கள்: ஆறு மாதம், அல்லது ஓட்டம் குறைந்ததும். செடிமென்ட் ஃபில்டர் சீக்கிரம் பழுப்பானால் சம்ப்பைக் கழுவ வேண்டும் என்று அர்த்தம்.

ரீசெட் பட்டன்: இது ஒரு கடிகாரம் மட்டுமே. லேம்ப்பை மாற்றினீர்களா என்று அதற்குத் தெரியாது. நான் செய்ததைச் செய்யாதீர்கள். சென்சார் உள்ள மாடல் கதிரின் வலிமையை உண்மையாகவே அளக்கும். விலை கூடுதல், ஆனால் நம்பகமானது.

இப்போது பாதரசம் இல்லாத யூவி எல்.ஈ.டி கருவிகளும் கிடைக்கின்றன. போட்டவுடனே முழு வலிமைக்கு வரும். இதற்கும் ஆயுள் உண்டு, குவார்ட்ஸிலும் படிவு வரும்.

கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி

இப்போது உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கு வேலை. எக்செல் அல்லது இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து, முதல் வரியில் நான்கு தலைப்புகள் தட்டுங்கள்: பாகம், மாற்றிய தேதி, ஆயுள் நாட்கள், அடுத்த தேதி. இரண்டாவது வரியில் லேம்ப், தேதி, 365 என்று நிரப்புங்கள். 'அடுத்த தேதி' செல்லில் சம அடையாளம் போட்டு, தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, கூட்டல் அடையாளம் போட்டு, நாட்கள் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். தேதிக்குப் பதில் 46,000 போல ஒரு எண் வந்தால் பயப்படாதீர்கள். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1 முதல் நாட்களின் எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்கிறது. செல்லில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செல்ஸ் சென்று 'டேட்' என்று மாற்றினால் தேதியாகிவிடும். குழாய்க்கு 90, ஃபில்டருக்கு 180 என்று அடுத்த வரிகளை நிரப்புங்கள். வரும் தேதிகளைச் செல்போன் காலண்டரில் இரண்டு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி ஏற்றுங்கள்.

கவனம்

* எரியும் லேம்ப்பை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணும் தோலும் புண்ணாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும்.
* லேம்ப்பில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, அட்டையால் அள்ளுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டாம். பழைய லேம்ப்பைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

சம்ப்பைக் கழுவி, கருவியைப் பொருத்திய மறுவாரம் மீண்டும் பாட்டில் சோதனை செய்தேன். இரண்டு நாள் கழித்தும் பியூரிஃபையர் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் இதை ஒரு முதல் கட்ட சோதனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதை உறுதி செய்ய வருடம் ஒரு முறை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கிறேன்.

என் மகள் இப்போது நலம். புது லேம்ப் போட்ட அன்று, தேதியைப் பெரிய எழுத்தில் ஸ்டிக்கரில் எழுதி சேம்பர் மேல் ஒட்டியவள் அவள்தான். இன்றைக்கே உங்கள் வீட்டு மெஷினைப் பாருங்கள். அதில் லேம்ப் மாற்றிய தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், தேதி தெரியும்வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.